புதுசு போலத் திரும்பி வந்த ரீல்கள்: எச்சரிக்கை

35 எம்எம் புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. கோணிப்போன இரும்பு ரீல்களுக்குக் கோட்டம் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 2000 அடி ஃபிலிம் சுற்றக்கூடிய காலி ரீல்கள் சிலவற்றைக் கொடுத்தேன். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். கறுப்புப் பெயின்ட் அடித்து, புதுசு போலத் திரும்பி வந்தன.

ஒன்றை ரீவைண்டர் (ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கருவி) தண்டில் மாட்டிக் கையால் சுற்றினால், பக்கத் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வந்து வெளியே போகிறது. பெயின்ட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் வரிசையாகச் சுத்தியல் தடம். பட்டறைக் கல்லில் வைத்து அடித்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படி அடித்தால் அந்த இடத்தில் தகடு நீண்டுவிடும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் டப்பென்று புடைக்கும். அப்புறம் அதை நேராக்குவது பெரும்பாடு. ரிவெட்டுகளும் ஆட்டம் கண்டுவிட்டன.

சைக்கிள் வீலுக்குக் கோட்டம் எடுப்பது போலப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. ரீலைத் தண்டில் மாட்டி, பக்கத்தில் அசையாத ஒரு முனையை வைத்து, மெதுவாகச் சுற்றி, உரசும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். தட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மரக்கட்டை முட்டுக் கொடுத்து ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும்.

ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. 2000 அடி ரீல் முடிய 22 நிமிடம். அவ்வளவு நேரமும் கோணல் தட்டு ஃபிலிமின் ஓரத்தை உரசிக்கொண்டே இருக்கும். எளிதில் கிழியும் அசிட்டேட் வகைப் பழைய பிரிண்ட் என்றால், ஓரத்தில் விழுந்த கீறல், புரொஜெக்டர் பற்கள் மாட்டும் துளை வரை போய் அறுந்தே விடும். உதிரும் பெயின்ட் துணுக்கு சுருளுக்குள் புகுந்து படத்தில் கோடு போடும். மாற்றுப் பிரிண்ட் கிடைக்காத படங்களைத்தான் இப்போது பலரும் கையில் வைத்திருக்கிறோம். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கேட்டதற்கு, "ரீல் பழசு, இவ்வளவுதான் வரும்" என்றார். வேலையை எடுக்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? பணம் திரும்பி வரவில்லை.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரே ஒரு ரீலைக் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். பெயின்ட் அடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது அவர் கண்ணெதிரிலேயே தண்டில் மாட்டிச் சுற்றுங்கள், தட்டின் உள்விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. மீதிப் பணம் அதற்கப்புறம்தான்.