சாமுராய் படத் தொகுப்பு வாங்குவோர் கவனத்திற்கு

இணையச் சந்தைகளில் ‘ஒரிஜினல், புதுப்பிக்கப்பட்ட பிரதி’ என்ற பெயரில் விற்கப்படும் ஜப்பானிய சாமுராய் படங்களின் டிவிடி தொகுப்புகளை, விற்பவரிடம் தீர விசாரிக்காமல் யாரும் வாங்க வேண்டாம். இயக்குநர்கள் அகிரா குரோசாவா, மசாகி கோபயாஷி ஆகியோரின் படங்கள் அடங்கியதாகச் சொல்லப்பட்ட அத்தகைய தொகுப்பு ஒன்றுக்கு நான் அசலுக்குரிய விலையைக் கொடுத்தேன். வந்து சேர்ந்தவை கணினியில் பதிவெடுத்த நகல்கள்.

பெட்டியின் அச்சு குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஆனால் வட்டுகளின் அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருந்தது. ஆலையில் அச்சான டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்திலோ, இரட்டை அடுக்கு வட்டாக இருந்தால் சற்றே பொன்னிறம் கலந்தோ இருக்கும். பதிவெடுக்கும் வட்டுகளில்தான் சாயப்பூச்சின் ஊதா தெரியும்.

1954இல் வெளியான குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 207 நிமிடம் ஓடும் படம். நடுவில் முறையான இடைவேளையும் உண்டு. பெட்டியின் மீது 207 என்றே அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்ததோ இடைவேளையே இல்லாத, ஏறத்தாழ 160 நிமிடப் பிரதி. வெளிநாட்டுத் திரையிடலுக்காக இப்படம் ஒரு காலத்தில் பெரிதும் வெட்டப்பட்டது. அப்படி வெட்டிய பிரதியை முழுப் படம் என்று இன்றும் விற்பது அப்பட்டமான ஏமாற்று. கொள்ளையரைக் கண்டு உழவர்கள் கொள்ளும் அச்சம், காக்க வரும் வீரர்களைத் தேடி அவர்கள் நகரில் அலைவது, கிராமத்தைச் சுற்றி அரண் எழுப்புவது என ஒவ்வொன்றும் பொறுமையாக வளர்வதால்தான் மழையிலும் சேற்றிலும் நடக்கும் இறுதிச் சண்டை நம்மை அவ்வளவு உலுக்குகிறது. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடுவதால் 207 நிமிடம் ஏறக்குறைய 199 ஆகக் குறையும். அது வெட்டு அல்ல.

குரோசாவாவின் ‘யோஜிம்போ’வுக்கு நேர்ந்ததை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. 1961இல் 2.35:1 என்ற அகலத்திரை விகிதத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தைப் பழைய தொலைக்காட்சிச் சதுரத்துக்குள் அடக்குவதற்காக இருபுறமும் நறுக்கியிருந்தார்கள். இதனால் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடுகிறது. காவல் கோபுரத்தின் மேல் நாயகனாக நடித்த தொஷிரோ மிஃபுனே உட்கார்ந்திருக்க, கீழே தெருவின் இரு முனைகளிலிருந்தும் இரு கும்பல்கள் தயங்கித் தயங்கி முன்னேறிப் பின்வாங்கும் அந்தக் காட்சி, இரு தரப்பையும் ஒருசேரக் காண்பதற்கென்றே அமைக்கப்பட்டது. இந்த நகலில் கும்பல்களும் தெரியவில்லை, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் தெரியவில்லை.

கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) பெரும்பகுதி பேச்சிலேயே நகரும் படம். எடோ நகரத்து மாளிகையின் முற்றத்தில் அமர்ந்து, தாட்சுயா நகாடாய் நடித்த முதிய சாமுராய் தன் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துகிறார். இந்த வட்டில் வசனவரிகள் வெள்ளைப் பரப்பின் மேல் கருப்பு விளிம்பில்லாத வெள்ளை எழுத்தாக வந்ததால் பாதியைப் படிக்கவே முடியவில்லை; எஞ்சியவை பேச்சுக்குச் சில நொடிகள் பிந்தி வந்தன. ஜப்பானிய மொழி அறியாத ஒருவருக்கு இது படத்தையே மறுப்பதற்குச் சமம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, உறை பிரிக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று விற்பவர் பதிலளித்தார். உறையைப் பிரிக்காமல் வட்டின் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்ற என் கேள்விக்கு இன்றுவரை மறுமொழி இல்லை.

ஆகவே பணம் செலுத்தும் முன், வட்டின் இருபுறத்தையும் காட்டும் புகைப்படங்களையும், ஓடும் நேரத்தையும், திரை விகிதத்தையும், வசனவரி மொழிகளையும், மண்டல எண்ணையும் (வட்டு எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்பதைக் குறிப்பது) விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அசல் வட்டிலும் சிக்கல் உண்டு: டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலம், ஜப்பான் 2ஆம் மண்டலம்; ப்ளூரேயில் இந்தியா ‘சி’, ஜப்பான் ‘ஏ’. ஜப்பானிலேயே வெளியான பல வட்டுகளில் ஆங்கில வசனவரி கிடையாது. பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். ஏமாற்றப்பட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் அந்த இணையச் சந்தையின் குறைதீர் அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிடலாம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதன் பின்னும் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம்.