டிவியில் விற்கும் டிசைனர் ஜாக்கெட்டா, ஒருவர் உடுத்திவிட்டு விற்ற அசலா?

என் அலமாரியில் ஒரே டிசைனரின் பெயர் போட்ட இரண்டு ஜாக்கெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று டிவி ஷாப்பிங் சேனலில் புதிதாக வாங்கியது. இன்னொன்று அதே டிசைனரின் அசல் வரிசையைச் சேர்ந்தது. அதாவது ஃபேஷன் ஷோவில் காட்டி, பெரிய கடைகளுக்கு அனுப்பும் ரகம். சில வருடங்களுக்கு முன் வந்த அதை யாரோ உடுத்திவிட்டு விற்றபோது வாங்கினேன். இரண்டுக்கும் கொடுத்த விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எது காசுக்குப் பெறும் என்று சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு அமைந்துவிட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே காசு கையில் இருந்தால் இனி செகண்ட் ஹேண்ட் அசலைத்தான் வாங்குவேன். ஆடையைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது.

திரையில் ஓடும் கடிகாரம், குறைந்துகொண்டே வரும் எண்ணிக்கை, தவணையாகப் பிரித்துக் காட்டும் விலை இவற்றைப் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவசரப்படுத்தத்தான் அவை இருக்கின்றன. அதைத் தாண்டி, அந்தப் பெயருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

பெயர் என்பது வாடகைக்கு விடக்கூடிய சொத்து. ஹால்ஸ்டன் கதை இதற்கு நல்ல உதாரணம். 1970-களில் அமெரிக்க ஃபேஷனின் உச்சத்தில் இருந்தவர் அவர். 1973-இல் தன் தொழிலையும் பெயரையும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார். பத்து வருடம் கழித்து ஜேசி பென்னி கடைகளுக்காகக் குறைந்த விலை வரிசை ஒன்றைச் செய்தபோது, அவருடைய விலையுயர்ந்த ஆடைகளை விற்றுவந்த பெர்க்டார்ஃப் குட்மன் என்ற பெரிய கடை அவரைக் கைவிட்டது. பிறகு சொந்தப் பெயரில் ஆடை செய்யும் உரிமையே அவர் கையில் இல்லாமல் போனது. 1990-இல் இறந்தார். 2015-இல் க்யூவிசி என்ற அமெரிக்க டிவி ஷாப்பிங் சேனலில் அவர் பெயரில் ஒரு வரிசை விற்பனைக்கு வந்தது, அவர் இறந்து 25 வருடங்களுக்குப் பிறகு. அந்த ஆடைகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. சட்டையின் கழுத்தில் ஒரு பெயர் தைத்திருப்பதால், அந்த மனிதர் துணியைத் தொட்டுப் பார்த்தார் என்று அர்த்தமாகாது. அவ்வளவுதான்.

எல்லாமே அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1992-இல் தானே க்யூவிசியில் தோன்றித் தன் பட்டு ஆடைகளை விற்றார். இரண்டு மணி நேரத்துக்குள் 10 லட்சம் டாலருக்கு மேல் விற்பனையானது. ஐசக் மிஸ்ராஹி 2009 முதல் அதே சேனலில் நேரில் வந்து, ஒவ்வொரு ஆடையையும் கையில் எடுத்துக் காட்டிப் பேசியவர். 2011-இல் அவருடைய பிராண்ட் எக்செல் பிராண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போன பிறகும் வடிவமைப்பில் அவர் தொடர்ந்தார். இப்படி டிசைனரே கூட நிற்கும் வரிசைகளில் வெட்டும் நிறத் தேர்வும் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. என் டிவி ஜாக்கெட்டின் வெட்டும் நன்றாகவே இருந்தது. முதல் நாள் போட்டபோது எனக்கு அதன் மேல் ஒரு குறையும் தோன்றவில்லை.

அடுத்தது விலை. திரையில் ஒரு பெரிய தொகையைக் காட்டி, அதை அடித்துவிட்டு, கீழே சிறிய தொகையைப் போடுவார்கள். சேனலுக்கென்றே தைத்த வரிசை வேறு எங்கும் விற்பனைக்கு வந்திருக்காது. வேறு யாரும் கொடுத்திராத விலையில் தள்ளுபடி என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? அந்தப் பெரிய தொகையை மறந்துவிட்டு, இந்தத் துணிக்கும் இந்தத் தையலுக்கும் இந்தச் சிறிய தொகை தகுமா என்று மட்டும் கேட்பதுதான் சரி. அவுட்லெட் கடைகளுக்கும் இதே கணக்குதான். அங்கே தொங்குபவற்றில் பெரும்பகுதி பெரிய கடையில் விற்காமல் மீந்தது அல்ல, அவுட்லெட்டுக்கென்றே தைத்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. அதே சேனலின் சொந்த பிராண்டில், டிசைனர் பெயர் இல்லாத ஒரு நீளமான மேல்சட்டை ஏற்கெனவே என்னிடம் இருந்தது. டிசைனர் பெயர் போட்ட மேல்சட்டை ஒன்றை வாங்கி இரண்டின் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டும் 95 சதவீதம் பாலியஸ்டர், 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூல். உள்ளே ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் தையலும் அதே அகலம். கீழ் மடிப்பும் ஒரே மாதிரி. பிரிண்ட்தான் வேறு, அதில் டிசைனருடையது நிச்சயமாக அழகு. விலையோ ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த அழகுக்காக அவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது தவறில்லை, தெரிந்து கொடுத்தால் சரி. எனக்கு அது பெறவில்லை.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

டிவி ஜாக்கெட்டை வாங்கிய மறுவருடம் எனக்கு உடம்பு கொஞ்சம் போட்டுவிட்டது. இடுப்பில் பட்டன் போட்டால் துணி இழுத்தது. இரண்டு ஜாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு எனக்கு வழக்கமாகத் தைக்கும் தையல்காரரிடம் போனேன். அவர் முதலில் டிவி ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டார். பக்கத் தையலை விரலால் விரித்துப் பார்த்தார். “இதுல பிரிச்சு விட ஒண்ணுமே இல்லம்மா” என்றார். தையலுக்கு வெளியே ஓவர்லாக் போட்டு வெட்டியிருந்த துணி அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தையல் நிற்பதற்கே அது வேண்டும். விட்டுக்கொடுக்கத் துணி எங்கே இருக்கிறது?

அசல் ஜாக்கெட்டைத் திருப்பினார். லைனிங்கின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து உள்ளே காட்டினார். பக்கத் தையலின் ஒவ்வொரு ஓரத்திலும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் துணி மடித்துவிட்டு, நன்றாக அயர்ன் செய்து வைத்திருந்தார்கள். முதுகின் நடுத்தையலில் இன்னும் கொஞ்சம் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு தையல், ஒரு தையலுக்கு இரண்டு ஓரம், ஓரத்துக்கு 1 சென்டிமீட்டர் விட்டால் மொத்தம் 4 சென்டிமீட்டர் கிடைக்கிறது. நடுத்தையலைத் தொடவே தேவையில்லை. நான்கு நாளில் தைத்துக் கொடுத்தார். பழைய தையல் இருந்த இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தது, கம்பளித் துணி என்பதால் நீராவி பிடித்து அயர்ன் செய்ததும் அதுவும் மறைந்துவிட்டது. கம்பளி நூல் அப்படி இணங்கிக் கொடுக்கும். பாலியஸ்டரில் ஊசி போன ஓட்டை அவ்வளவு சுலபமாக மூடாது. சூடு கொஞ்சம் கூடினால் துணியில் பளபளப்பு ஏறிவிடும், அது போகவும் போகாது.

உள்ளே விட்டிருக்கும் துணியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. யாருடைய உடம்பும் பத்து வருடம் ஒரே அளவில் இருப்பதில்லை. உள்ளே துணி இல்லாத ஆடையின் ஆயுள், நம் இடுப்பு மாறும் நாளோடு முடிகிறது, துணி கிழியாமல் இருந்தாலும்கூட. லட்சக்கணக்கில் தைக்கும்போது ஒரு ஆடைக்குச் சில சென்டிமீட்டர் மிச்சம் பிடித்தால் மொத்தத்தில் எவ்வளவு துணி மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் கத்திரி முதலில் அங்கேதான் விழும். அந்த இடம் கேமராவில் தெரியாது. தொகுப்பாளர் துணியின் மென்மையைச் சொல்லலாம், நிறத்தைச் சொல்லலாம், மாடல் சுற்றிக் காட்டலாம். ஆடையைத் திருப்பிப் போட்டு உள்தையலைக் காட்டிய நிகழ்ச்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதே உள்பக்கத்தில் இன்னொரு விஷயம், காலருக்குக் கீழே மடிந்து நிற்கும் மடல். அது விறைப்பாக நிற்பதற்கு உள்ளே வேறொரு துணி வைப்பார்கள். அதைப் பசையால் சூடு வைத்து ஒட்டலாம், அல்லது கேன்வாஸை வைத்து நூலால் தைக்கலாம். என் டிவி ஜாக்கெட்டில் ஒட்டியிருந்தார்கள். ஏழெட்டு முறை துவைத்ததும் பசை அங்கங்கே விட்டு, மடலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. அதைச் சரிசெய்ய வழி இல்லை. அசல் ஜாக்கெட்டில் முன்பகுதி முழுவதும் கேன்வாஸ் வைத்துத் தைத்திருக்கிறது. வாங்கும்போதே சோதிக்கலாம். மடலின் கீழே, பட்டன் ஓட்டைக்குப் பக்கத்தில் துணியின் இரு பக்கத்தையும் விரல்களால் கிள்ளி மெல்லப் பிரித்து இழுங்கள். நடுவில் தனியாக மூன்றாவது அடுக்கு ஒன்று நழுவுவது தெரிந்தால் கேன்வாஸ். ஒரே தடிப்பாக இருந்தால் ஒட்டியது. பெரிய பெயர்களின் அசல் வரிசையிலும் ஒட்டிய ஜாக்கெட்டுகள் நிறையவே உண்டு. அதனால் இங்கேயும் லேபிளை நம்பாமல் கிள்ளிப் பார்ப்பதுதான் வழி.

டிவி ஜாக்கெட்டை இருபத்தைந்து முறை போட்டிருப்பேன். அசலை இப்போது ஐந்தாவது வருடமாகப் போடுகிறேன். திரும்ப விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிவி ஜாக்கெட்டை விற்கப் பார்த்தபோது கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு, சொன்ன விலை அதைவிடக் குறைவு.

டிவி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முதலாவது, அளவு. க்யூவிசி மாதிரியான சேனல்களில் இரட்டை எக்ஸ் ஸ்மாலில் தொடங்கி 5எக்ஸ் வரை, குள்ளமானவர்களுக்குத் தனி, உயரமானவர்களுக்குத் தனி என்று கொடுக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே விலையில். அசல் வரிசைகள் பலவும் பெரிய அளவுகளைத் தைப்பதே இல்லை. உங்கள் அளவு அங்கே கிடையாது என்றால் நான் மேலே சொன்ன தையல் கணக்கெல்லாம் உங்களுக்கு உதவாது. 4 சென்டிமீட்டர் விடலாம், 20 சென்டிமீட்டர் விட முடியாது. அந்த நிலையில் டிவி வரிசை நல்ல தேர்வுதான், நான் மனதாரச் சொல்கிறேன்.

அடுத்தது, துவைப்பது. டிவி ஆடைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு மிஷினிலேயே போடலாம். அசல் ஜாக்கெட்டுக்கு டிரை கிளீனிங் செலவு உண்டு, அதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். நான் வருடத்துக்கு ஒரு முறைதான் கொடுக்கிறேன். மற்ற நேரம் பிரஷ் செய்து காற்றாட மாட்டிவைத்தால் கம்பளிக்குப் போதும். வேர்வை அதிகம் வருபவர்களுக்கு இது ஒத்துவராது. ஸ்பான்டெக்ஸ் கலந்ததை மட்டும் சூட்டில் உலர்த்தாதீர்கள், இழுவை போய்விடும். விஸ்கோஸ் கலந்திருந்தால் பிழியாதீர்கள். நனைந்த விஸ்கோஸ் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வேறு சிக்கல்கள். போலி ஒன்று, பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். அக்குளில் லைனிங்கை முகர்ந்து பாருங்கள், அங்கே ஏறிய வாடை டிரை கிளீனிங்கிலும் முழுசாகப் போகாது. நான் இப்படி ஒரு முறை ஏமாந்து வாங்கி, லைனிங்கையே மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவைச் சேர்த்தால் அந்த ஆடை எனக்கு லாபமில்லை. திருப்பி அனுப்பும் வசதியும் இங்கே பெரும்பாலும் கிடையாது, டிவி சேனலில் அது உண்டு. அமெரிக்காவில் விற்ற ஆடை என்றால் லேபிளில் ஆர்என் என்ற எழுத்துகளோடு ஒரு எண் இருக்கலாம். அரசின் இணையதளத்தில் அதைத் தட்டினால் எந்த நிறுவனம் அந்த ஆடைக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியும். நான் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுகிறேன்.

இவ்வளவும் ஜாக்கெட், கால்சட்டை மாதிரி உடம்போடு ஒட்டி அளவாகத் தைப்பவற்றுக்குத்தான் பொருந்தும். என்னிடம் இருக்கும் டிவி ஆடைகள் மூன்றே மூன்று, அதில் ஒன்று அந்தப் பெயரில்லாத மேல்சட்டை. அதை வைத்து எல்லா வரிசையையும் எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஆண்கள் ஆடையை நான் வாங்கியதே இல்லை. பின்னல் துணியில் தொளதொளவென்று தைத்த ஆடைகளுக்கு உள்தையல் பெரிய விஷயமும் இல்லை, அவை தானாகவே இழுத்துக் கொடுக்கும். பயணத்தில் கசங்காமல் பையில் சுருட்டி வைக்க என் டிவி மேல்சட்டைகளைத்தான் இன்றும் எடுத்துப் போகிறேன். அக்குள் பக்கம் மட்டும் நூல் உருண்டைகள் கிளம்பியிருக்கின்றன, மற்றபடி இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அசல் ஜாக்கெட்டின் நடுத்தையலில் இன்னும் தொடாத துணி மீதி இருக்கிறது.