பழைய டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடலாமா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. சித்தப்பா வீட்டு மூலையில் தூசி படிந்திருக்கும் டெஸ்க்டாப், விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதற்கு, விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைத் தாராளமாகப் போடலாம். காசு கிடையாது, 2029 வரை அப்டேட் உண்டு.

2 ஜிபி ரேம் போதும் என்கிறார்கள். போதும்தான், பிரவுசரைத் திறக்கும் வரை! 4 ஜிபியாவது வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி சாட்டா எஸ்எஸ்டி போட்டால்தான் வேகம் தெரியும்.

போட்டோக்களை முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். இன்ஸ்டாலரில் முழு டிஸ்க்கையும் அழிக்கச் சொன்னால் டி டிரைவும் சேர்ந்தே போய்விடும். 8 ஜிபி பென்டிரைவில், ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் மின்ட்டின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பை) எழுதுங்கள். கம்ப்யூட்டரைத் தொடக்கும் மென்பொருள் பழைய பயாஸ் என்றால் ரூஃபஸில் எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பூட் மெனுவில் பென்டிரைவ் வந்தும் பூட் ஆகாது. இன்ஸ்டால் செய்யுமுன் லைவ் முறையிலேயே (பென்டிரைவிலிருந்தே ஓட்டி) வைஃபை, ஒலி, பிரிண்டரைச் சோதித்துவிடுங்கள்.

தேதி பல வருடம் பின்னால் காட்டி, இணையதளங்கள் சான்றிதழ் பிழை சொன்னால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

கேனான் எல்பிபி 2900 பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் அமைப்பது தலைவலி. டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது; அதை நம்பியிருக்கும் கடைக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் வேண்டவே வேண்டாம்.