கிரீன் டீ கேப்சூல் போட்டா கால்ல ரத்த ஓட்டம் கூடுமா? ஒரு வருஷத்துக்கு மேல போட்டு பாத்த அனுபவம்

வயசு 68, கோயமுத்தூர், லேத் பட்டறைல நின்னுட்டே வேலை பாத்த ஆளுங்க நான். சுகர் இல்ல, பிபி உண்டு, முப்பது வருஷம் பீடி சிகரெட்டுனு இழுத்து தள்ளிட்டு அப்பறம் விட்டாச்சு. பிரச்னை என்னன்னா கொஞ்ச தூரம் நடந்தா வலது கெண்டக்கால் அப்டியே புடிச்சு இழுக்கும், நின்னா ரெண்டு நிமிஷத்துல சரியாயிரும், திரும்ப நடந்தா திரும்ப வரும், பாதம் வேற எந்நேரமும் ஜில்லுனு இருக்கும். பெங்களூர்ல இருக்கற மாப்பிள்ளை இத கேட்டுட்டு "மாமா கிரீன் டீ கேப்சூல் ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம், காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு போடுங்க"ன்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பிட்டார். பிராண்ட் பேரு வேண்டாம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான்.

டப்பால பெருசா எழுதிருக்கறத விட்டுட்டு பொடி எழுத்த படிங்க. என்னோடதுல ஒரு கேப்சூல் 500 மி.கி. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் (சாறு), அதுல பாதி இஜிசிஜி, அதாவது கிரீன் டீல இருக்கற முக்கிய சத்து. அப்ப ரெண்டு கேப்சூலுக்கு 500 மி.கி. இஜிசிஜி உள்ள போகுது. ஒரு கப் கிரீன் டீல சுமாரா 50லருந்து 100 வரைக்கும்தான் இருக்கும், இலையையும் கொதிக்க விடற நேரத்தையும் பொறுத்து. அஞ்சு பத்து கப்ப ரெண்டு வாய்ல முழுங்கற மாதிரி கணக்கு, அதனால டீ குடிக்கறதும் இதும் ஒண்ணுனு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

மொதல்ல வெறும் வயித்துல போட்டேன், குமட்டலும் நெஞ்செரிச்சலும் வந்துச்சு. சாப்பாட்டுக்கு அப்பறம் மாத்துனதும் அது போச்சு. நைட்டு போட்டா தூக்கம் கெட்டுச்சு (காஃபின் இருக்குல்ல), அத மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டேன்.

சரி, கால் என்னாச்சு? ஒண்ணும் ஆகல. மாசக்கணக்கா போட்டும் எங்க நின்னேனோ அங்கயேதான் நின்னேன், பாதமும் அதே ஜில்லு. பிபி மேல் நம்பர் ரெண்டு மூணு கொறஞ்ச மாதிரி தெரிஞ்சுது, ஆனா நம்ம வீட்டு மெஷினே காலைக்கும் சாயங்காலத்துக்கும் அதவிட ஜாஸ்தி ஆடுமே. ஆராய்ச்சிலயும் சராசரியா ரெண்டு பாயிண்ட் சுமாருக்குத்தான் கொறையுதாம். பிபி மாத்திரைய நிறுத்திட்டு இத போடலாம்னு நெனைக்கறவங்க அந்த நெனப்ப விட்ருங்க.

விளம்பரத்துல ஜப்பான் ஜப்பான்னு சொல்றாங்களே, அது ஜப்பான்ல மியாகிங்கற பகுதில 1994ல ஆரம்பிச்சு நாப்பதாயிரம் பேர வருஷக்கணக்கா கவனிச்ச ஆராய்ச்சி. தினம் அஞ்சு கப்போ அதுக்கு மேலயோ குடிச்சவங்க இதய ரத்தக்குழாய் நோய்ல சாகறது கம்மியா இருந்துச்சு, அதுவும் பொம்பளைங்களுக்குத்தான் நல்லா தெரிஞ்சுது. ஆனா அவங்க குடிச்சது டீ, கேப்சூல் இல்ல! டீ குடிக்கறவங்க மத்த பழக்கமும் எப்படியோ. இஜிசிஜி ரத்தக்குழாய் உள் சுவர்ல நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வச்சு குழாய கொஞ்சம் தளர வைக்குதுனு சொல்றாங்க, சரிதான், ஆனா கொழுப்பு படிஞ்சு கெட்டியான அடைப்ப கரைக்கற வேலை அதுக்கு தெரியாது.

அடைப்பு எனக்கு இருந்துச்சு. ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட போனப்ப கைலயும் கணுக்கால்லயும் பிபி எடுத்து கால் நம்பர கை நம்பரால வகுத்தாங்க, ஏபிஐனு பேரு, ஊசி கீசி எதும் இல்ல. 0.9 இல்ல அதுக்கு கீழனா கால் குழாய்ல அடைப்புனு அர்த்தம், எனக்கு 0.76. பீடியோட வேலை. ஸ்டேட்டினும் (கொழுப்ப கொறைக்கற மாத்திரை) ஆஸ்பிரினும் குடுத்துட்டு "வலி வர்ற வரைக்கும் நடங்க, வந்தா நில்லுங்க, போனதும் மறுபடி நடங்க, அரை மணி நேரம், வாரத்துல மூணு நாளாச்சும்"னார். எங்க ஊர்ல வாக்கிங் போற ரேஸ் கோர்ஸ்ல முக்கி முனகி நடந்தேன், வலிக்கறப்ப நடக்க சொல்றாரேனு கடுப்பாதான் இருந்துச்சு, ஆனா சில மாசத்துல ஒரே ஒரு தடவை நின்னு முழு ரவுண்டு வர்ற அளவுக்கு வந்துட்டேன். ஏபிஐ திரும்ப பாத்தா கிட்டத்தட்ட அதேதான்! அடைப்பு அப்படியே இருக்கும், தசை கெடைக்கற ரத்தத்த வச்சு ஓட்ட பழகிக்கும்னு டாக்டர் சொன்னார்.

கேப்சூல நிறுத்துனது வேற காரணத்துக்கு. ரெகுலரா எடுக்கற ரத்த டெஸ்ட்ல எஸ்ஜிபிடிங்கற கல்லீரல் என்சைம் இருக்க வேண்டிய அளவவிட ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. டாக்டர் ஸ்டேட்டின்ல கை வைக்காம "மொதல்ல அந்த டப்பாவ நிறுத்துங்க"ன்னார், அடுத்த டெஸ்ட்ல எறங்கிருச்சு. அதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ஸ்டேட்டின் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, நம்பர் ஏறல. ஐரோப்பா உணவு பாதுகாப்பு ஆணையம் 2018லயே ஒரு நாளைக்கு 800 மி.கி.யோ அதுக்கு மேலயோ இஜிசிஜி மாத்திரையா போனா கல்லீரல் என்சைம் ஏறலாம்னு சொல்லிருச்சு, சில பேருக்கு அதுக்கு கம்மிலயும் ஒத்துக்காது. போடறவங்க யாருக்காச்சும் மூத்திரம் டீ டிகாக்ஷன் கலர்ல போனாலோ கண்ணு மஞ்சளானாலோ அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

இப்ப குன்னூர் இலை வாங்கி ஒரு நாளைக்கு ரெண்டு கப் குடிக்கறேன், டேஸ்டுக்காக, காலுக்காக இல்ல. வீட்டுக்காரம்மாவுக்கு ஹீமோகுளோபின் கம்மி, டீ இரும்புச்சத்த உடம்புல சேரவிடாதுங்கறதால சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் தள்ளி வச்சு குடிக்கறாங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்க, பிபிக்கு நாடலால் போடறவங்க டாக்டர கேக்காம இந்த கேப்சூல தொடாதீங்க, நாடலால் ரத்தத்துல ஏறறத கிரீன் டீயே நல்லா கொறச்சிரும்.