வாடிவாசலை மறைக்கும் பட்டை: ஜல்லிக்கட்டு நேரலை விளம்பரங்கள், ஒரு விமர்சனம்

தை முதல் மூன்று நாளும் மதுரையில் எந்த டீக்கடை டிவியை நிமிர்ந்து பார்த்தாலும் ஓடுவது ஜல்லிக்கட்டுதான். முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். காலை 7 மணி உறுதிமொழியில் தொடங்கி மாலை 5 மணி வரை பத்து மணி நேர நேரலை. இவ்வளவு நீளமாக, இவ்வளவு பேர் கண் எடுக்காமல் பார்க்கிற விளையாட்டு ஒளிபரப்பு நம் பக்கத்தில் வேறு இல்லை. அதனால் விளம்பரமும் வரும், வரத்தான் வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் செய்தி சேனல்கள் தொடர்ந்து தவறுகின்றன.

கிரிக்கெட்டில் பழகிய கை அப்படியே இங்கே வந்துவிட்டது. கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை ஓவர் முடியும், பந்துவீச்சாளர் மாறுவார், அந்த இடைவெளியில் விளம்பரம் ஓடி முடிந்துவிடும். அது போதாமல் 2009இல் ஐபிஎல்லில் டைம் அவுட்டையே கொண்டுவந்தார்கள். இப்போது ஓர் இன்னிங்ஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். ஜல்லிக்கட்டில் அப்படி ஓய்வு கிடையாது. பத்து மணி நேரத்தில் ஆயிரம் காளை வரை அவிழ்க்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு காளைக்கு 36 நொடி. இரண்டு நிமிட விளம்பர இடைவேளை விட்டால் மூன்று காளைகள் போய்விடும். கேபிள் விதிகளில் இருக்கும் மணிக்கு 12 நிமிட வரம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் மணிக்கு 20 காளை, அதாவது ஐந்தில் ஒன்று, டிவியில் வரவே வராது. அந்த ஒரு காளைக்காக ஒரு குடும்பம் வருஷம் முழுக்கப் பருத்தி விதை ஆட்டி ஊற்றி, கொம்பால் மண்குத்த விட்டு, நீச்சல் பழக்கி, டோக்கன் வாங்கக் காத்துக் கிடந்திருக்கிறது. காளையோடு போனவர்கள் போக, வீட்டில் இருக்கும் பெண்களும் பெரியவர்களும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கருப்பன் வாடிவாசலைத் தாண்டும் நொடியில் சோப்பு விளம்பரம் ஓடினால் அது சின்னக் குறையா?

முழு இடைவேளைக்கு இடமே இல்லை என்பதல்ல. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வீரர்கள் வெளியேறி, அடுத்த நிறப் பனியன் போட்டவர்கள் களத்துக்கு வருகிறார்கள். களத்தில் பரப்பியிருக்கும் தென்னை நாரைச் சரிசெய்வதும் அப்போதுதான். விளம்பரத்துக்கு உகந்த நேரம் அது. களத்தில் நிற்கும் நிருபர் ஒரு வார்த்தை சொன்னால் சென்னை ஸ்டுடியோ அதற்கேற்ப இடைவேளையை நகர்த்திவிடலாம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: மணி அடித்தாற்போல் இடைவேளை காளைக்கு நடுவில் விழுகிறது, சுற்று மாறும் நேரத்தில் தொகுப்பாளர் பேச விஷயம் இல்லாமல் திணறுகிறார்.

அடுத்தது எல்-பேண்ட். படத்தைச் சுருக்கி, பக்கவாட்டிலும் அடியிலும் விளம்பரத்தை நிறுத்துவது. 32 அங்குல டிவியில் படம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கினால் மிஞ்சுவது 26 அங்குலத்துக்கும் குறைவு, பரப்பில் 64 சதவீதம்தான். ஆனாலும் இதை ஏற்கலாம், காட்சி முழுதாக இருக்கிறது. ஏற்க முடியாதது, படத்தைச் சுருக்காமல் அதன் மேலேயே ஒட்டும் அடிப்பட்டை. ஏற்கெனவே கீழே செய்தி ஸ்க்ரோல் ஓடுகிறது. அதற்கு மேல் விளம்பரப் பட்டை ஏறினால் காளையின் குளம்பும் வீரரின் காலும் மறைந்துவிடுகின்றன. பிடி செல்லுமா என்பதை முடிவுசெய்வது திமிலை விடாமல் மூன்று துள்ளலுக்கு நின்றாரா என்பதுதானே? துள்ளல் தெரிவது காலில். மேடைக் கேமராவில் திரையின் மேல்பகுதியில் வெறும் கேலரியும் வானமும்தான் தெரியும். பட்டையை அங்கே ஏற்றினால் ஆட்டத்தில் எதுவும் கெடாது. இதைச் செய்ய எந்தச் செலவும் இல்லை.

கோயில் காளைகள் வரும்போது மட்டும் எந்தப் பட்டையும் வேண்டாம். முதலில் அவிழ்க்கிற அந்தக் காளைகளை யாரும் தொட மாட்டார்கள். களமே ஒதுங்கி நிற்கிற நேரத்தில் திரை மட்டும் விற்பனையில் இருப்பது பார்க்கக் கூசுகிறது.

இந்த நேரலையில் மிகச் சிறந்த விளம்பரம் எது என்றால், சேனல் போடாத விளம்பரம்தான். விழா மேடை மைக்கில் வருவது அது. 'மாட்டுக்காரர் பேரு, ஊரு… ஒரு சைக்கிள், ஒரு அண்டா, ஒரு வெள்ளிக்காசு! புடிச்சா வீரருக்கு, புடிக்கலைன்னா மாட்டுக்காரருக்கு!' கூடவே பரிசு கொடுத்தவர் பெயர். காளை வெளியே வருவதற்கு முந்தைய நொடி, எல்லாக் காதும் திறந்திருக்கும் நேரம் அது. பிறகு நாரும் மண்ணும் ஒட்டிய ஒருவர் அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவதைக் கேமரா காட்டும். முப்பது நொடிப் படம் எடுத்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது. மாட்டின் கொம்பில் சல்லிக்காசைக் கட்டிவிட்ட காலத்திலிருந்து பரிசைக் கண்ணுக்கு முன்னால் காட்டி ஆடும் ஆட்டம் இது. பரிசு சொல்லும் குரல் ஆட்டத்தோடு சேர்ந்தே வருவது. ஆனால் பல சேனல்கள் களத்துச் சத்தத்தை அடக்கிவிட்டுத் தொகுப்பாளர் குரலை ஏற்றுகின்றன. மைக் குரல் முக்கால் பங்கு, ஸ்டுடியோ கால் பங்கு என்று வைத்தால் போதும்.

பரிசு கொடுக்கும் கடைக்காரர்கள் கவனிக்க ஒன்று: சீட்டில் கடைப் பெயரும் ஊரும் மட்டும் எழுதிக் கொடுங்கள். உரிமையாளர் பெயர், கிளைகள், எந்த பஸ் ஸ்டாண்ட் எதிரில் என்றெல்லாம் எழுதினால் பாதியைப் படிப்பதற்குள் காளை வந்துவிடும்.

டிவியில் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று. பொங்கல் துணி வாங்குவது போகியோடு முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அலங்காநல்லூர் நேரலையில் 'பொங்கல் தள்ளுபடி' ஓட்டினால் பத்து நொடிக்கு இவ்வளவு என்று கட்டிய காசு வீண். அந்த வாரம் எடுபடுவது தை முகூர்த்தத்துக்கான நகை, பட்டு, மண்டபம், சமையல். மாட்டுத்தீவனமும் டிராக்டரும் கேட்கவே வேண்டாம். 2025இல் அலங்காநல்லூரில் முதலிடம் பிடித்த காளையின் உரிமையாளருக்குக் கொடுத்ததே டிராக்டர்தான்.

படத்திலும் கவனம் வேண்டும். திமிலே இல்லாத வெளிநாட்டுக் காளையைப் போட்டு 'வீரத் தமிழர்' என்று எழுதினால் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். கொம்பைப் பிடித்துத் தொங்குவது, வாலை இழுப்பது போன்ற படமும் கூடாது, இரண்டுமே களத்தில் தவறு. கட்டையான உடம்பும் எடுப்பான திமிலும் உள்ள புலிக்குளம் காளை இருக்கும்போது வேறு எங்கே தேட வேண்டும்?

டீக்கடையில் டிவி சத்தம் காதில் விழாது என்பதையும் கணக்கில் எடுங்கள். 2009 ஐபிஎல்லில் வந்த வோடஃபோன் ஜூஜூக்களைப் பொம்மைப் படம் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் வெள்ளை உடை மாட்டிய ஆட்கள், படமெடுத்தது கேப் டவுனில். அவை பேசவில்லை, அதனால் டப்பிங்கில் வாய் ஒரு பக்கம் சொல் ஒரு பக்கம் போகவும் இல்லை. பட்டை விளம்பரத்துக்கும் அதே பாடம்: நான்கு சொல், பெரிய எழுத்து, எட்டடி தள்ளி நின்று டீ குடிப்பவருக்குத் தெரிய வேண்டும். கடைப் பெயரை விட்டுவிட்டுப் போன் நம்பரை ஓட விட்டால் அதைக் குறித்துக்கொள்ள அங்கே யாரும் பேனாவோடு நிற்பதில்லை.