நிலவுக்கு ஒரு ஸ்டேடியன், பூமிக்கு வேறு ஸ்டேடியனா?

பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார் என்று எல்லோரும் படித்திருப்போம். அவர் பெயரில் நமக்குக் கிடைத்த எண் 2,52,000 ஸ்டேடியன்; இது ஒரு பழைய கிரேக்க நீள அலகு. அதைக் கி.மீ. ஆக்க எதால் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ‘சரி’.

ஸ்டேடியன் என்றால் 600 கிரேக்க அடி. ஆனால் அடி ஊருக்கு ஊர் மாறியது. கிரேக்க நாட்டின் ஒலிம்பியா ஓட்டக்களத்தில் தரையோடு தரையாகப் பதித்த கல்வரிசையை இன்றும் பார்க்கலாம். ஓடுபவர் கால்விரலை ஊன்றிக்கொள்ள அதில் இரண்டு நீளப் பள்ளங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து எதிர்முனைக் கல்வரிசை வரை 192.27 மீட்டர். டெல்ஃபியிலோ அதே 600 அடி சுமார் 177.5 மீட்டர்தான்.

பழைய வானியல் தூரங்களைக் கி.மீ.க்கு மாற்றுபவர்கள், ஒரு ஸ்டேடியனுக்கு எத்தனை மீட்டர் என்பதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றை எடுப்பார்கள். ஒன்று ஒலிம்பியாவின் 192.27. அடுத்தது 185, ஒரு ரோமானிய மைலுக்கு (சுமார் 1,480 மீட்டர்) 8 ஸ்டேடியன் என்ற கணக்கு. மூன்றாவது 157.5. எரட்டோஸ்தனிஸ் கணக்கில் ஒரு ஸ்கோய்னஸுக்கு (எகிப்தில் வழங்கிய நீள அலகு) 40 ஸ்டேடியன் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஸ்கோய்னஸை 12,000 எகிப்திய அரச முழமாக வைத்து வகுத்தால் இந்த எண் வரும். ஆனால் அதே இடத்தில் பிளினி அந்த 40 ஸ்டேடியனை 5 மைல் என்கிறார். அதாவது மைலுக்கு 8. குட்டை ஸ்டேடியனுக்குச் சாட்சி சொல்ல அழைத்து வந்தவரே 185 பக்கம் பேசிவிடுகிறார்.

சரி, பெருக்கிப் பார்ப்போம். எரட்டோஸ்தனிஸின் பூமி 157.5-இல் 39,690 கி.மீ., 185-இல் 46,620 கி.மீ., 192.27-இல் சுமார் 48,450 கி.மீ. துருவங்கள் வழியாக உண்மைச் சுற்றளவு 40,008 கி.மீ. குட்டை ஸ்டேடியன் ஜெயித்துவிட்டது போலத் தெரியும்.

அப்புறம் நிலவுக்குப் போனால் கதை தலைகீழ். மேகமண்டலத்திலிருந்து நிலவு வரை 20 லட்சம் ஸ்டேடியன் என்று கிரேக்கத் தத்துவ அறிஞர் பொசிடோனியஸ் சொன்னதாகப் பிளினி குறிக்கிறார். 157.5-இல் அது 3,15,000 கி.மீ. மட்டுமே. 185-இல் 3,70,000. ஒலிம்பியாக் கணக்கில் 3,84,540! நிலவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. என்பதால் இதைப் பார்க்கும் யாருக்கும் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அதே பொசிடோனியஸ் நிலவிலிருந்து சூரியனுக்குக் கொடுத்த 50 கோடி ஸ்டேடியன், ஒலிம்பியாக் கணக்கிலும் 9.6 கோடி கி.மீ.தான், உண்மை சுமார் 15 கோடி. 20 லட்சம், 50 கோடி போன்ற முழு எண்களில் இரண்டு தசமத் துல்லியம் தேடுவதே தவறு.

விடை பிடித்தமாக வரும்படி அலகைத் தேர்ந்தெடுத்தால் அது அலகு மாற்றமே அல்ல. எரட்டோஸ்தனிஸ் சொன்னதாக, பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் யூசிபியஸ் வழியாக வந்த சூரியத் தூரத்திலும் இதே சிக்கல். அந்தக் கிரேக்க வரியை 40 லட்சத்து 80 ஆயிரம் என்றும் படிக்கலாம், 80 கோடியே 40 லட்சம் என்றும் படிக்கலாம். பெரிய எண்ணை 185-ஆல் பெருக்கினால் 14.87 கோடி கி.மீ.; அற்புதம்தான். ஆனால் அதே இடத்தில் நிலவுக்கு இருப்பது 7 லட்சத்து 80 ஆயிரம் ஸ்டேடியன், அதாவது 1,44,300 கி.மீ. இவ்வளவு பக்கத்தில் நிலவை வைத்தவர் சூரியனை மட்டும் அளந்து பிடித்தார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஸ்டேடியனில் மட்டுமே எண் கிடைத்தால் நான் 185-ஐத்தான் எடுப்பேன், எல்லா ஆசிரியருக்கும் அதையே. பூமியின் ஆரத்தைப் போல் இத்தனை மடங்கு என்று எண் கிடைத்தால் ஸ்டேடியனைத் தொடவே மாட்டேன். கிரேக்க வானியலாளர் தாலமி நிலவுக்குச் சொன்ன சராசரி 59 பூமி ஆரம். நம் 6,371 கி.மீ. ஆரத்தால் பெருக்கினால் 3,75,900 கி.மீ. அவருடைய ஆரம் 28,667 ஸ்டேடியன்; அந்த வழியாக 185-ஐப் போட்டால் ஏறத்தாழ 3,13,000 ஆகச் சுருங்கிவிடும். அவர் வானத்தில் செய்த நல்ல வேலையை, தரையில் பூமியைச் சிறிதாக எடுத்துக்கொண்ட பிழை விழுங்கிவிடுகிறது.

ஆர்க்கிமிடீஸிடம் மட்டும் இந்தச் சண்டை எடுபடாது. பிரபஞ்சத்தை நிரப்ப எத்தனை மணல் துகள் வேண்டும் என்று எண்ணும் கணக்கில் அவர் விண்மீன் கோளத்தின் விட்டத்துக்கு வைத்த உச்சவரம்பு ஒரு கோடி கோடி ஸ்டேடியன். குட்டை ஸ்டேடியனில் சுமார் 1.7 ஒளியாண்டு, ஒலிம்பியா ஸ்டேடியனில் சுமார் 2. மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எந்த ஸ்டேடியனை எடுத்தாலும் அது அந்தக் கோளத்துக்கு வெளியேதான்.