பூல் டேபிள் சத்தம்: எந்த ஷீட் அடக்கும், எது காசுக்குக் கேடு

அடுக்குமாடி வீட்டில் பூல் டேபிள் போட்டவர்களுக்குக் கீழ் வீட்டிலிருந்து வரும் புகார், பந்தோடு பந்து மோதும் ‘டொக்’ சத்தத்தைப் பற்றி இருப்பது அபூர்வம். பாக்கெட்டில் விழுந்த பந்து டேபிளுக்குள் கடகடவென்று ஓடி, கடைசிப் பெட்டியில் ஏற்கெனவே கிடக்கும் பந்தின் மேல் ‘டங்’ என்று மோதுகிறதே, அதுதான் கீழே இறங்கும். ஒரு பந்து 156 முதல் 170 கிராம் வரை எடை. அது பிளாஸ்டிக் வாய்க்காலில் உருண்டால் டேபிளின் கூடு முழுக்கத் தவிலாகிவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 7 அடி டேபிள். அடித்தளம் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), பந்து பிளாஸ்டிக் வாய்க்கால் வழியே ஒரே பக்கம் திரும்பி வரும் ரகம். இதற்கென்று கடைகளில் கிடைக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாய்க்காலின் அடியில் ஒட்ட முதல் இடம் 2 மி.மீ ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி) ஷீட்டுக்கு. பின்பக்கம் பசை தடவிய ரகம் வேண்டாம். சென்னை மாதிரி ஈரக் காற்றில் சில மாதங்களில் ஓரம் எழும்பி, பந்து அதில் முட்டி நிற்கும். பசையில்லாத ஷீட்டை வாங்கி, ஃபெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசை போட்டு ஒட்டுங்கள். மர வேலைக்கான வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் பிடிக்காது. 5 செ.மீ அகலப் பட்டைகளாக வெட்டினால் இந்த டேபிளுக்கு ஏறக்குறைய 7 மீட்டர் நீளம் தேவைப்படும். 1 மீட்டருக்கு அரை மீட்டர் ஷீட் ஒன்று வாங்கினால் பெட்டிக்கும் மிஞ்சும்.

ஒட்டும் முறையில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பக்கப் பலகையைக் கழற்றி, வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சாக்பீஸ் தூசி இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. வழவழப்பான பிளாஸ்டிக்கை 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வாய்க்கால், ஷீட் இரண்டிலும் பசையைப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு அழுத்துங்கள். பட்டைகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றக் கூடாது. முனைகளை 45 டிகிரி சாய்வாக வெட்டி, ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். நேராக வெட்டினால் பந்து அந்தக் கோட்டை ஒரே நேரத்தில் தட்டும். சாய்வாக வெட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டிப் போகும், சத்தமும் இராது.

அடுத்தது 3 மி.மீ ஈவிஏ ஃபோம், ரப்பர் போல மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை ஷீட். கைக்கு மெத்தென்று இருப்பதால் இதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தோன்றும். வாய்க்காலின் அடியில் இது வேண்டவே வேண்டாம். பந்தின் எடைக்கு ஃபோம் பள்ளமாகும், அந்தப் பள்ளத்தில் பந்து வேகம் இழக்கும். வாய்க்காலின் சரிவு ஏற்கெனவே கொஞ்சம்தான். அதனால் நடுப் பாக்கெட்டில் விழும் பந்து பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த பந்து வந்து அதை இடிக்கும்போது முன்பைவிடப் பெரிய சத்தம்! வாய்க்காலின் பக்கச் சுவருக்கும் பெட்டியின் பக்கங்களுக்கும் மட்டும் ஈவிஏ போதும். அங்கேயும் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்து 57.15 மி.மீ. ஷீட் ஒட்டிய பிறகும் இரண்டு பக்கமும் சேர்த்து 5 மி.மீ இடைவெளியாவது மிஞ்ச வேண்டும்.

யோகா மேட்டை வெட்டிப் போடலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கால் வழுக்காமல் பிடிப்பதுதான் யோகா மேட்டின் வேலை. பந்தையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். வாய்க்காலுக்கு ஆகாது.

யாரும் எதிர்பார்க்காத நல்ல பொருள் பழைய மவுஸ் பேட். மேலே துணி, கீழே ரப்பர் ஃபோம். பந்து பெட்டியில் முதலில் மோதும் முனைச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கடையில் கிடையாது. துணிப்பக்கம் பந்தைப் பார்த்து இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஃபெல்ட், முனையில் மவுஸ் பேட், பக்கங்களில் ஈவிஏ. இந்த ஒரு பெட்டியை மட்டும் சரி செய்தாலே சத்தம் பெருமளவு அடங்கிவிடும். நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாணயம் போட்டு ஆடும் பழைய டேபிளை வாங்கி வந்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பந்து தனியாகப் பிரிந்து வரும். சிலவற்றில் வெள்ளைப் பந்து மட்டும் 60.3 மி.மீ இருக்கும், சிறிய பந்துகள் மட்டும் நுழையும் வாசல் ஒன்று உள்ளே இருக்கும். அந்த வாசலில் 2 மி.மீ ஃபெல்ட் ஒட்டினால் எல்லாப் பந்தும் சிக்கும். வேறு சிலவற்றில் காந்தம் வெள்ளைப் பந்தை இழுக்கும். அங்கேயும் ஒட்டினால் இழுப்பு குறையும். பிரிக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னும் பின்னும் எதையும் தொடாமல் விடுங்கள்.

அதிர்வை அடக்கக் கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் (ஒரு வகை ரப்பர்) டேம்பிங் ஷீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கார் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மெல்லிய தகரத்துக்காகச் செய்த பொருள் இது. டேபிளின் பக்கப் பலகை 6 மி.மீ பிளைவுட் என்றால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு பரப்பில் ஒட்டினாலே அதிர்வு குறையும். முழுக்க ஒட்டுவது வீண். பலகை 18 மி.மீ என்றால் வாங்கவே வேண்டாம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்று இழுத்து ஒலித்தால் வாங்கலாம், ‘டக்’ என்று செத்து ஒலித்தால் அந்தக் காசு மிச்சம்.

பொருட்கள் வைக்கும் இடத்துக்கு வருவோம். டேபிளுக்கு அடியில் தட்டு அடித்து, அதைக் கால்களோடு திருகாணி போட்டு இணைப்பதுதான் வழக்கம். தவறு அங்கேதான். காலோடு சேர்ந்த தட்டு ஒவ்வொரு அடிக்கும் சேர்ந்து அதிரும், அதன் மேல் உள்ள சாமானும் கலகலக்கும். தனியாக நிற்கும் சக்கரப் பெட்டி மேல். 12 மி.மீ பிளைவுட்டில், சக்கரத்தோடு சேர்த்து 30 செ.மீ உயரத்துக்குள் செய்யுங்கள். சக்கரம் ரப்பர், 50 மி.மீ, இரண்டுக்குப் பூட்டு. டேபிள் விளிம்பிலிருந்து 20 செ.மீ உள்ளே தள்ளி நிறுத்தினால் ஆடுபவர் கால் இடிக்காது. காலியான மூடிய பெட்டி டேபிள் சத்தத்தை வாங்கிப் பெருக்கும் என்பதால் டேபிள் உறை, துண்டு, பழைய போர்வை என்று துணியாக நிரப்புங்கள்.

பந்துக்கான தட்டு அரை நாள் வேலை. 28 செ.மீ சதுரத்தில் 12 மி.மீ பிளைவுட், 45 மி.மீ ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் ரம்பம்), 65 மி.மீ இடைவெளியில் நாலுக்கு நாலாக 16 துளை. இந்த அளவில் பந்து துளைக்குள் ஏறக்குறைய 11 மி.மீ இறங்கும். பலகை 12 என்பதால் அடியைத் தொடாது. பந்துகளுக்கு நடுவே 8 மி.மீ சந்து இருப்பதால் தட்டைத் தூக்கும்போது ஒன்றையொன்று இடிக்காது. துளை 50 மி.மீ என்றால் பந்து பலகையைத் தாண்டி அடியில் உட்கார்ந்துவிடும், தட்டை மேசையில் வைக்கும்போது ‘டப்’.

ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளாவட்டத்தில் வளையும். நேராக நிறுத்த ஒரு தாங்கி செய்யுங்கள்: கீழே 35 மி.மீ துளையில் ஃபெல்ட் வட்டம், மேலே துடைப்பம் மாட்டும் ஸ்பிரிங் கிளிப், ஸ்டிக்குகளுக்கு நடுவே 10 செ.மீ இடைவெளி. குளியலறையை ஒட்டிய சுவர் மட்டும் வேண்டாம்.

காலுக்கு அடியில் போடும் ரப்பரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷினுக்கு விற்கும் மெல்லிய கோப்பை ரகம், எடை கூடிய டேபிளுக்கு நசுங்கிவிடும். ஒரு அங்குல ஸ்லேட் போட்ட 8 அடி டேபிளில் கல் மட்டுமே சுமார் 200 கிலோ. ஜிம்மில் விரிக்கும் 15 மி.மீ கெட்டி ரப்பர் டைலைக் காலைவிட இரு பக்கமும் 5 செ.மீ பெரிதாக வெட்டி, மேலே அதே அளவு 12 மி.மீ பிளைவுட் வைத்து, அதன் மேல் காலை இறக்குங்கள். பலகை இல்லாவிட்டால் கால் ரப்பருக்குள் குழி போடும், மட்டம் போகும். ரசமட்டத்தை நாலு மூலையிலும் நடுவிலும் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு பந்தை மிக மெதுவாக உருட்டிப் பாருங்கள், கடைசி ஒரு சாணில் அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. ரப்பர் எடைக்கு அமர ஒரு வாரம் ஆகும். அப்போது மறுபடி மட்டம் பார்த்த பிறகு பக்கப் பலகையைத் திருகுங்கள்.